துபாய் நாலு மணி நேரம்தானா?

எங்கள் நெட்டுக்குப்பத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "துபாய் எவ்வளவு தூரம்?" என்றால், "நாலு மணி நேரம் சார்" என்பார்கள். "சிங்கப்பூர்?" என்றால், "அது ரொம்ப தூரம் சார், ராத்திரி ஏறினா விடியற நேரத்துலதான் இறங்கணும்" என்பார்கள். முதல் பதில் செல்போனில் பார்த்தது. இரண்டாவது டிக்கெட்டில் பார்த்தது. இரண்டுமே ஆளை ஏமாற்றும் பதில்கள்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து துபாய் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 2,930 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி சுமார் 2,925 கிலோமீட்டர். அதாவது சென்னை ஏறக்குறைய இரண்டுக்கும் நட்ட நடுவில் இருக்கிறது. மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் விமானம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். இந்த ஒரு சங்கதியைச் சொன்னால் நம்பாதவர்கள்தான் அதிகம். படித்தவர்களும் நம்புவதில்லை.

ஏன் நம்புவதில்லை? டிக்கெட்டைப் பாருங்கள். இரவு 10 மணிக்குச் சென்னையில் ஏறி, நாலேகால் மணி நேரம் பறந்து துபாயில் இறங்கினால் அங்கே கடிகாரம் 12.45 காட்டும். டிக்கெட்டில் பார்க்கிறவனுக்கு இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். இரவு 11 மணிக்கு ஏறி, அதே நாலேகால் மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்கினால் அங்கே காலை 5.45. ஆறே முக்கால் மணி நேரம் போலத் தெரியும். துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இரண்டு முனையிலும் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று டிக்கெட்டில் எங்கோ பொடி எழுத்தில் போட்டிருப்பான். அதை யார் படிக்கிறார்கள்?

இதிலேயே இன்னொரு வேடிக்கை. கடிகாரத்தைச் சூரியன் வைப்பதில்லை, அரசாங்கம் வைக்கிறது. சிங்கப்பூர் இருப்பது 104 டிகிரி கிழக்கில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அந்தக் கணக்குப்படி அவர்கள் சென்னைச் சூரியனை விட ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக முன்னால் இருக்க வேண்டும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் அவர்கள் 120 டிகிரிக்கு உரிய நேரத்தை வைத்துக்கொண்டார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. 1802 முதல் சென்னை வானாய்வு நிலையத்தின் 'மெட்ராஸ் டைம்' என்று ஒன்று இருந்தது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். அந்தக் காலத்து ரயில்கள் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. 1906இல் 82½ டிகிரிக்கு உரிய இந்திய நேரம் வந்த பிறகு சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னால் போயின. இன்றைக்கும் நம் எண்ணூர்ச் சூரியன் நம் கடிகாரத்தை விட ஒன்பது நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வருகிறது. சும்மா தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் எதற்கு இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு பெரியவர் விடியற்காலை நாலு மணிக்குத் தவறிவிட்டார். அறுபது வயது வரை கடலுக்குப் போனவர். மூத்த மகன் துபாய்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். ஐந்து மணிக்குச் செய்தி போய்விட்டது. அழுகைக்கு நடுவிலேயே ஒரு பையன் போனைத் தட்டிப் பார்த்து, "நாலு மணி நேரந்தான் காட்டுது" என்றான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எப்படிப் பார்த்தாலும் மத்தியானத்துக்குள் வந்துவிடுவான், சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று முடிவானது. பந்தல்காரருக்கும் மேளத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். நான் போய், "நாளைக் காலை வரை வையுங்கள், ஐஸ் பெட்டி சொல்லுங்கள்" என்றேன். "வாத்தியார் எப்பவும் இப்படித்தான் கணக்குப் பேசுவார்" என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பேசட்டும். உட்கார்ந்து மணி மணியாக எண்ணிக் காட்டினேன்.

செய்தி போனபோது அங்கே மணி மூன்றரை. பையன் இருப்பது லேபர் கேம்ப்பில். சூப்பர்வைசரை எழுப்பிச் சொல்லலாம், ஆனால் அவருக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. ஆபீஸ் திறப்பது அங்கே எட்டு மணி, நமக்கு ஒன்பதரை. லீவுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது நமக்கு மத்தியானம் இரண்டரை. அதன் பிறகுதான் டிக்கெட். கையில் பாஸ்போர்ட் இல்லாமல் முன்பணம் போட்டு டிக்கெட் எடுக்க அவனுக்கு என்ன பைத்தியமா? கிடைத்தது இரவு விமானம். நம் நேரப்படி இரவு பதினொன்றேகால். மூன்று மணி நேரம் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கியது மூன்றேகால். குடியேற்றச் சோதனை, பெட்டி, டாக்சி. ஆறு மணிக்குத் தெருமுனையில் வந்து இறங்கினான்.

காலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை 25 மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது நாலு. மீதி 21 மணி நேரத்தைப் போன் காட்டவே இல்லை.

அந்த வீட்டில் வைத்திருந்தார்கள். மகன் வந்து கொள்ளி வைத்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு இன்னொரு வீட்டில் வைக்கவில்லை. "வந்துருவான், வந்துருவான்" என்று ஆறு மணி வரை பார்த்துவிட்டு, இருட்டுகிறது என்று எடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் மறுநாள் வந்து, வீட்டுக்குள் போகாமல் முகத்துவாரத்துப் பக்கம் போய் மணலில் உட்கார்ந்துகொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் கேட்ட கேள்வி, "நாலு மணி நேரம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

என் கருத்து இதுதான். இரண்டு ஊருக்கு நடுவில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று திரையில் வருகிற எண் விமானத்துக்கு உரியது. ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு. மனுஷனுக்கு உரிய தூரத்தை வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு எண்ண வேண்டும். பள்ளியில் அப்படிச் சொல்லித் தர வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் அப்படி முடிவெடுக்க வேண்டும். அரசாங்கமும் அப்படித்தான் அளக்க வேண்டும்.

கடலோடிகளுக்கு இது புதிதே இல்லை. எங்கள் ஆட்களிடம் வலை போட்ட இடம் எவ்வளவு தூரம் என்றால் மைல் கணக்குச் சொல்ல மாட்டார்கள். எத்தனை பாகம் தண்ணி, எவ்வளவு நேர ஓட்டம் என்றுதான் சொல்வார்கள். போகிறபோது காற்று எந்தப் பக்கம், திரும்பும்போது நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சேர்த்தே சொல்வார்கள். விமானத்துக்கும் அதே கதைதான். பனிக்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசுகிறது; துபாயிலிருந்து சென்னைக்கு வரும் நேரம் போகும் நேரத்தை விடக் குறைகிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் நம் தலைக்கு மேலே இன்னும் உயரத்தில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து பாய்கிறது. இந்தக் கிழக்கு ஜெட் காற்றைப் பற்றி உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம், 1950களில். கடலில் படகோட்டத் தெரிந்த சமூகத்துக்கு, வானத்தில் தூரமும் நேரமும் ஒன்றில்லை என்று புரியவைப்பது கஷ்டமே இல்லை. புரியவைக்க ஆள்தான் இல்லை.

பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலக உருண்டை என்று ஒரு பொருள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். எங்கே இருக்கும்? தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்கு மேலே, தூசி படிந்து. இன்ஸ்பெக்ஷன் வருகிற அன்று மட்டும் துடைத்துக் கீழே இறக்குவார்கள். பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடுமாம். உடையட்டுமே! சுவரில் தொங்குகிற தட்டைப் படத்தைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் வருவது பொய்த் தூரம்.

வீட்டில் உருண்டை இருந்தால், ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையைச் சென்னையில் வையுங்கள். 80 டிகிரி கிழக்கு. மறுமுனையை நம் தமிழ் மக்கள் ஏராளமாக வாழும் டொராண்டோவில் வையுங்கள்; ஏறக்குறைய 79½ டிகிரி மேற்கு. நூலை இறுக்குங்கள். தட்டைப் படத்தில் அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று பக்கவாட்டில் போகும் என்று நினைத்திருப்பீர்கள். நூல் அப்படிப் போகாது. விறுவிறுவென்று வடக்கே ஏறும். ரஷ்யாவைத் தாண்டும், ஆர்க்டிக் பனிக்கடல் ஓரமாகப் போய் கிரீன்லாந்துக்கு மேலே வளைந்து கனடாவுக்குள் இறங்கும். தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒருத்தர் இட்லி சாப்பிடும்போது மற்றவர் ராத்திரிச் சாப்பாட்டில் இருப்பதன் காரணம், பிள்ளை அந்த நூலைப் பிடித்தவுடனே விளங்கிவிடும்.

இது புத்தகக் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானம் ஒன்று வடதுருவப் பகுதிக்கு மேலாகவே பறந்து, ஏறத்தாழ 17 மணி நேரத்தில் வந்து இறங்கியது. ஓட்டியவர்கள் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகள். ஜனவரி 11 அன்று பெங்களூரில் இறங்கியபோது எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. நம் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தையும் உருண்டையையும் நூலையும் ஒன்றாகக் காட்டுகிற ஒரு வகுப்பு, பத்து மாதம் மனப்பாடம் செய்வதற்குச் சமம்.

நூல் காட்டுகிற வழியிலும் எப்போதும் போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கி, மணிக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்திருந்து மாற வேண்டும். அடுத்தது, வானத்துக்கும் வேலி உண்டு. 2019இல் பாலாகோட் சம்பவத்துக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை ஜூலை வரை மூடியது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிப் போயின. அதே வருடம் ஜூன் 23 இரவு கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது, தோஹாவில் மாற வேண்டியவர்கள் ஆங்காங்கே மாட்டிக்கொண்டார்கள். ஊர்கள் அதே இடத்தில்தான் இருந்தன. தூரம் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக நீண்டுவிட்டது.

தூரம் குறைந்த கதையும் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி சுமார் 355 கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட நேர் தெற்கு. மதுரைக்குச் சாலையில் போவதை விடக் குறைவு. ஆனால் போர்க்காலம் முழுவதும், அதற்குப் பிறகு பத்து வருடமும், யாழ்ப்பாணத்துக்காரர் கொழும்பு போய், அங்கிருந்து 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. 2019 நவம்பரில்தான் சென்னை–யாழ்ப்பாணம் விமானம் வந்தது. கொரோனாவில் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி ஓடியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் பயணம். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு நாள் பயணம் ஒரு மணி நேரம் ஆகிறது!

எங்கள் பக்கத்துக் கிழவர்கள் 'ராஜுலா' கப்பலைப் பற்றிப் பேசுவார்கள். 1926இல் கட்டிய கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதன் பின் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடிக்கும் வரை ஓடியது. சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம். அந்தக் காலத்தில் அப்பா இறந்தால் அக்கரையில் இருக்கும் மகனுக்காக யாரும் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கடிதமோ தந்தியோ போகும். அவன் அங்கேயே முழுகிவிட்டு அழுவான். கொடுமைதான், ஆனால் இரண்டு பக்கமும் பொய் நம்பிக்கை இல்லை. இப்போது ஐந்து நிமிடத்தில் செய்தி போகிறது, அடுத்த நிமிடம் போன் 'நாலு மணி நேரம்' என்று நம்பிக்கை கொடுக்கிறது. வர முடியாமல் போனால் பழி மகன் மேல் விழுகிறது. "மனசு இருந்தா வந்திருப்பான்" என்று சொல்லும் வாய்களை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பழி எங்கே போக வேண்டும்? முதல் பங்கு, தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு. இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அந்தப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அமீரகத்தின் 2021ஆம் வருடத் தொழிலாளர் சட்டமும் தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்றே சொல்கிறது. கத்தாரில் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு 2018இலேயே எடுத்துவிட்டார்கள். சட்டம் எழுத்தில் இருக்கிறது, பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகளே, முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தயக்கமாக இருந்தால் இரண்டு பேராகப் போய்க் கேளுங்கள்.

இன்னொரு பங்கு இங்கே, நம் வாசலில் இருக்கிறது. நெட்டுக்குப்பத்திலிருந்து மீனம்பாக்கம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் எந்தக் கணக்கும் செல்லாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. ஏறி உட்கார்ந்தால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். அருமையான வசதி, நானே பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் வளைகுடா விமானங்கள் நிறைய ஏறுவதும் இறங்குவதும் நடுராத்திரியிலும் விடியற்காலையிலும். இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோ அடங்கிவிடும். விம்கோ நகரிலிருந்து எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டி எங்கள் ஊர் வர ராத்திரியில் ஆட்டோக்காரர் கேட்பதுதான் கட்டணம். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர், எண்ணூர் வரைக்கும் இரவில் மணிக்கு ஒரு பஸ் விட்டால் என்ன குறைந்துவிடும்? இந்தத் துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையங்களுக்கும் இடம் கொடுத்த ஊர்கள் இவை. ராத்திரி பஸ் ஒன்று கேட்பது பேராசை இல்லை.

இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்கிறார்கள். சென்னைக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் நிலத்துக்காகப் போராடுவது தனி விஷயம். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், பரந்தூர் எவ்வளவு தூரம் என்று பேசும்போது சென்ட்ரலிலிருந்து அளக்கிறார்கள், கிண்டியிலிருந்து அளக்கிறார்கள். எண்ணூரிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் யாராவது அளந்து பேசியதை நான் கேட்கவில்லை. நாளைக்கு வளைகுடா விமானங்கள் அங்கே மாறினால், என் தெருவில் அந்த 25 மணி நேரம் 26, 27 என்று ஏறும்.

துபாய், அபுதாபி, தோஹா, மஸ்கட், சிங்கப்பூர் எங்கே இருந்தாலும் என் பழைய மாணவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரு வேலை தருகிறேன். நீங்கள் கடைசியாக ஊருக்கு அவசரமாக வந்தபோது, செய்தி கிடைத்த நிமிடத்திலிருந்து வீட்டு வாசலில் கால் வைத்தது வரை மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் எங்கே எவ்வளவு போனது என்று நம் நேரத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நம் ஊர்க் கோயில் பக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டப் போகிறேன். பஸ் கேட்டு எழுதும் மனுவுக்குப் பின்னாலும் ஒரு பிரதி வைக்கிறேன்.